பதினொரு மணி வேர்

கூடத்துக் கடிகாரம் பத்தே முக்காலைக் காட்டியதும் கணவரின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள் பிரகதாம்பாள். நாத்தனார் அழகம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? பொணத்த விட்டுட்டு எந்திரிக்கக் கூடாதுத்தா. சனம் என்ன சொல்லும்?"

"வேர் வெட்டணும் அண்ணி. பதினொண்ணுக்கு."

"அவனே போயிட்டான். இன்னும் என்ன வெங்காயம்?"

இருபது வருஷமாக இந்த வீட்டு ஜன்னலில் கண்ணாடிக் குவளைகள்மேல் வெங்காயம் உட்கார்ந்திருந்தது. சோலையப்பன் புதுக்கோட்டைக் காலேஜில் தாவரவியல் வாத்தியார். பலகாரத்துக்குப் போடும் சாயப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, அதில் வெங்காய வேரை வளரவிட்டு, நுனியை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். உயிரணுவுக்குள் இருக்கும் இழைகள் உடைந்திருந்தால், அந்தப் பொடி மனித உடம்பிலும் ஒருநாள் புற்றாக முளைக்கலாம் என்பார். வெட்டும் வேளை தவறினால் மூன்று நாள் வேலை வீண்.

கல்யாணமான புதிதில் அவள் அந்த வெங்காயத்தையே உரித்துச் சாம்பார் வைத்துவிட்டாள். "எந்தக் குவள?" என்று கேட்டபோது அவர் முகத்தில் ரத்தமில்லை. பொடி கலக்காத வெறுந்தண்ணீர்க் குவளை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் பிளேடை அவள் கையில் கொடுத்தார். "எனக்குக் கை நடுங்குது. ஒனக்கு அருவாமணப் பழக்கம் இருக்கு."

வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற மிட்டாய்க்கடை பிச்சைமுத்து உள்ளே வந்தான்.

"குவளையில கெடக்கறது என் பொடிதாங்கம்மா. திருவரங்குளம் தேருக்கு லட்டுல போடலாமான்னு அய்யாட்ட கேட்டுருந்தேன். நீங்க ஒக்காருங்க. இந்த வருசம் நெறமில்லாமயே போட்டுக்கறேன். முந்தி அவரு வேணாம்னு சொன்ன பொடிய எம்புள்ளைகதான் தின்னுக்கிட்டிருந்துச்சுங்க. அவரு மட்டும் சொல்லலைன்னா..." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீ போடாட்டி அடுத்த கடைக்காரன் போடுவான் பிச்சமுத்து," என்றாள் பிரகதாம்பாள்.

அழகம்மாள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

"போயிட்டு வா. நான் இவன்கிட்ட இருக்கேன்."

ஜன்னலோரம் வெயில் இறங்கியிருந்தது. மஞ்சள் தண்ணீருக்குள் வெள்ளை நூல்களாக வேர்கள். சுண்டுவிரல் நகத்தளவு நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டி, புளிப்பு நெடியடிக்கும் மருந்துக் குப்பிக்குள் போட்டாள். மூடி இறுக்கிய குப்பியைப் பிச்சைமுத்துவிடம் நீட்டினாள்.

"காலேஜுல அவருகூட வேல பாக்குற பெரியண்ணன் சார்ட்ட கொடு. அவரு பாத்துச் சொல்லுவாரு."

அவன் தீர்த்தம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இனி நேரத்தைக் குறிக்க வேண்டும். நோட்டு எழுதுவது எப்போதும் அவர்தான்; அவள் திறந்ததேயில்லை. புரட்டினாள். பக்கம் பக்கமாக அவளுக்குத் தெரியாத இங்கிலீஷ். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே ஒரு வரி மட்டும் தமிழில் இருந்தது.

வேர் வெட்டியது: பிரகதாம்பாள்.

முதல் பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் இருந்தது. இன்றைய பக்கத்திலும் இருந்தது. நேற்று விளக்கு வைத்தபிறகு எழுதியிருப்பார். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதற்கு முன்னால் எல்லாம் எழுதி, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

வாசலில் சங்கு ஊதினார்கள். "ஆத்தா, வா," என்று அழகம்மாள் கூப்பிட்டாள்.

"வாரேன் அண்ணி."

அவருடைய பேனாவைத் திறந்து, விட்டிருந்த இடத்தில் பதினொன்று என்று எழுதினாள். பிறகு குனிந்து, மை காயும்வரை மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள்.