துடைக்கத் துடைக்க வளர்ந்த கறை

பதினான்காம் தேதி, வியாழன். இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். தூங்கிப்போனதால் காலையிலும் மதியமும் கறையைத் துடைக்கவில்லை. இரவு ஒரு முறைதான் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து வந்ததும், முந்தின நாள் எழுதிய அந்தக் குறிப்பைத்தான் அவள் மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். வரைபட வகுப்புக்காக அத்தை வீட்டில் தங்கியிருப்பவள். எதையும் அளக்காமல் விடமாட்டாள் என்று அத்தை மகள் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல்.

எல்லாம் திங்கட்கிழமை இரவு தொடங்கியது. கூடத்து வெள்ளை மார்பிளில், கசிகிற வாளி ஒன்றை மறந்து வைத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். ஊருக்குப் போகும்போதே அத்தை சொல்லிவிட்டுத்தான் போனாள்: "கல்லுல ஒரு பொட்டு கறை பட்டாலும் நீ ஹாஸ்டலுக்குத்தான்." அந்த ஹாஸ்டலோ ஊரின் மறுகோடி. மாலை வகுப்பு விட்டால் அங்கே போக பஸ் கிடையாது. ஹாஸ்டல் என்றால் வகுப்புக்கு முழுக்கு. அத்தை வருவது சனிக்கிழமை.

அதனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை, சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியுமாகத் துடைத்தாள். மாலைதோறும் துடைக்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்து எழுதினாள். செவ்வாய், பதினெட்டு சென்டிமீட்டர். புதன், இருபது. வியாழன், பதினெட்டு. இன்று மறுபடி இருபது.

"தப்பா அளந்திருப்பேன்," என்றாள் தனக்குத்தானே.

"கறைக்கு உன் மூஞ்சி பிடிக்கலை போல," என்றபடி அத்தை மகள் பாதி எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். "நகரு. ஒரே தேய், பளிச்சுனு ஆயிடும்."

"ஐயோ, வேண்டாம்க்கா! புளிப்பு பட்டா மார்பிள் அரிச்சுப் போகும். அப்புறம் மெருகே வராது."

"நாளைக்கு அம்மா வந்து உன்னை அரிச்சா பரவாயில்லையா? குளிக்கப் போனவ சேத்தைப் பூசிக்கிட்ட மாதிரி, நாலு நாளா நீ துடைச்சுக் கிழிச்சது போதும்!"

அளவுகோல் பழத்தையும் கறையையும் மாறி மாறிப் பார்த்தாள். தேய்த்தால் கல் போகும். தேய்க்காவிட்டால் வகுப்பு போகும். ஈரத்துணியைப் பிழியப் போனவள் நின்றாள். துடைக்காமல் விட்ட நாளில்தானே குறைந்திருக்கிறது? அப்படியானால் இது கறையே இல்லையா? கல் குடித்த தண்ணீர்தானா? இதற்கு ஒன்பது தடவை தண்ணீர் காட்டியது யார்? ஒரு நாள் கணக்கை நம்பி இப்படி முடிவு கட்டலாமா? ஒன்றும் புரியவில்லை. துணியை மட்டும் கீழே போட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. ஒரு நாள் முன்னாலேயே, இரண்டு பைகளோடு அத்தை! மகள் பழத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அத்தை, நான்தான். கசியற வாளியை ராத்திரி முழுக்க வச்சுட்டேன். கறைன்னு நினைச்சு ஈரத்துணியால ஒன்பது தடவை துடைச்சேன். இப்போ கறையா ஈரமான்னே தெரியலை."

"ஒன்பதா?" அத்தை பைகளை வைத்துவிட்டுக் குனிந்து விரலால் தொட்டாள். முகர்ந்தாள். அவளுக்கும் பிடிபடவில்லை. "இந்த வீடு கட்டினதிலிருந்து நானே இந்த இடத்தை ஒன்பது தடவை துடைச்சிருக்க மாட்டேன்டீ."

"அப்போ... ஹாஸ்டல்?"

"ஒளிக்காம சொன்னதால ரெண்டு நாள் தவணை. காயட்டும், பார்ப்போம். காயலைன்னா மூட்டையைக் கட்டு. ஏய், உன் கையில என்னடி?"

"ஜூஸ் போடலாம்னு, அம்மா," என்றாள் மகள்.

"அரைப் பழத்துலயா?"

இருவரும் சமையலறைக்குள் வாதாடிக்கொண்டே போனார்கள். அளவுகோல் குந்தி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் எழுதினாள்:

சனி: கறை மேல் தண்ணீர், சோப்பு, துணி எதுவும் படக்கூடாது. நாள் முழுக்க ஃபேன் ஓட வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு முறை அளக்க வேண்டும்.