அனுபவம் தேவை இல்லை

1

இந்தக் கதை பிறந்தது என் மூளையில் இல்லை, என் மைத்துனர் வாயில். லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் நடத்துகிறார். ஆண்டு மலர் போடப்போகிறாராம்.

"மாப்ள, வீட்ல சும்மாதானே எழுதிட்டு இருக்கீங்க. திறமையான ஆளுங்களைத் தேடிப் புடிச்சு, வளர்த்து, கம்பெனியை எப்படி மேல கொண்டு வந்தோம்னு நாலு பக்கம் தாங்களேன்" என்றார்.

அந்த 'சும்மா'வை நான் மறக்கவில்லை. "எங்க அண்ணனுக்காக இதைக்கூடச் செய்யமாட்டீங்களா" என்று மனைவி கேட்டதையும் மறக்கவில்லை. ஆக, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு எழுதப்படும் கதை இது. தெரிந்துகொண்டே படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மனிதர்களே ஒரு நிறுவனத்தின் உண்மையான மூலதனம். விதை சிறிதானாலும்..." விதையைத் தாண்டுவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "அந்த லிஃப்ட் மெல்ல மேலே உயர்ந்தது, நிறுவனத்தைப் போலவே..." சீச்சீ.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. அங்கே ஆளெடுக்கும் வேலை ஒரு மேடத்துடையது. (பதவியின் முழுப்பெயர் அவர் அறைக்கதவில் இரண்டு வரிக்கு ஓடுகிறது. எல்லாரும் கூப்பிடுவது 'மேடம்'.) ஒருநாள் முதலாளி, அதாவது என் மைத்துனர், காரில் போய்க்கொண்டே மேடத்துக்குப் போனில் விளம்பரம் சொன்னார். "லிஃப்ட் மெக்கானிக் வேண்டும். அனுபவம் தேவை" என்றவரிடம், இடப்பக்கம் திரும்பட்டுமா என்று டிரைவர் கேட்டிருக்கிறார். "இல்லை" என்றார் முதலாளி.

சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அடிக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். மேடம் அப்படியே அடித்தார்: அனுபவம் தேவை இல்லை.

அனுபவசாலிகள் ரோஷப்பட்டு வரவில்லை. வந்தது ஒரே ஒருவன்.

"என்ன தெரியும் உனக்கு?"

"ஒண்ணும் தெரியாது மேடம். விளம்பரத்துல கேட்ட மாதிரியே."

சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவன் பெயர் 'தேவையில்லை'.

3

இந்தப் பாத்திரத்தின் மீது எனக்கே சந்தேகம் உண்டு. காரணம், அவனுக்கு லிஃப்ட் என்றால் பயம். கதவு மூடினால் வியர்த்துவிடும். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் படியேறி, மேலே போய் லிஃப்டைப் பழுது பார்ப்பான். நானாகக் கற்பனை செய்திருந்தால் இப்படி எழுதத் துணிந்திருக்கமாட்டேன்.

"அனுப்பிடுங்க மேடம்" என்றார் முதலாளி.

"கொஞ்சம் டைம் குடுங்க சார். நான் பாத்துக்கறேன்."

மதிய இடைவேளைதோறும் மேடம் அவனை அலுவலக லிஃப்டில் ஏற்றி, மேலும் கீழுமாகப் போய்வந்தார். கையில் சாப்பாட்டு டப்பா. இதற்கெல்லாம் மேலாண்மைப் புத்தகங்களில் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. மேடம் வைத்த பெயர் 'சாப்பாட்டு நேரம்'.

"அக்கா, நடுவுல நின்னுட்டா?"

"நின்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்து நிப்போம். நீ சாப்பிடு."

ஒருநாள் நின்றேவிட்டது. விளக்கும் போயிற்று. அப்போதுதான் டப்பா கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. ஆடியது மேடத்தின் கை.

"என்னக்கா, உங்களுக்குமா?"

"எனக்கும்தான்டா. எப்பவுமே."

அவன் பேசத் தொடங்கினான். கதவு திறக்கும்வரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எங்கே யார் மாட்டிக்கொண்டாலும் வெளியிலிருந்து அதே பேச்சுதான்: "பயமா இருக்கா? எனக்கும் இருக்கும். கையில ஏதாச்சும் இருந்தா சாப்பிட்டுட்டு இருங்க, இதோ திறந்துடறேன்." வாடிக்கையாளர்கள் "அந்தப் பேசற பையனை அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிறுவனம் வளர்ந்தது.

(மகான் என்று நினைத்துவிடாதீர்கள். கடன் வாங்கிய ஸ்பேனரைத் திருப்பித் தந்ததே கிடையாது. லிஃப்டில் கண்ணாடி இருந்தால் தலைவாராமல் இறங்கமாட்டான்.)

4

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். மேடம் வளர்த்த கடாக்கள் எல்லாம் எதிர்ச்சாரியில் இருந்த போட்டி லிஃப்ட் நிறுவனத்துக்குப் பாய்ந்தன. இரண்டு முதலாளிகளும் கத்தியும் கையுமாக நின்றவர்கள், கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: ஆளை எடுக்கும்முன் போன் செய்து கேட்க வேண்டும், 'தேவை' என்று பதில் வந்தால் தொடக்கூடாது.

"பதில் சொல்றது நீங்கதான் மேடம்" என்றார் என் மைத்துனர். "இனிமே ஒருத்தன் போனாலும் உங்க சீட்டு காலி."

மேடம் வெளியே வேலை தேடிப் பார்க்காமல் இல்லை. போன இடத்திலெல்லாம் "உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்ப அதிகம்" என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத் தேவையில்லையை எதிர்ச்சாரியில் குழுத்தலைவனாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பதவியை இங்கேயே அவனுக்குக் கொடுங்கள் என்று மேடம் முதலாளியிடம் மன்றாடினார்.

"அவனுக்கு என்ன அனுபவம் இருக்கு?" என்றார் முதலாளி.

மேடத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டார். தன் சீட்டைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை.

"அக்கா, போன் வரும். பாத்துச் சொல்லுங்க. இந்த மாதிரி வாய்ப்பு எனக்கு இன்னொரு தடவை வராது" என்றான் அவன்.

5

மைத்துனருக்குப் பிடித்த முடிவு: தேவையில்லை கண்ணீர்மல்க "இந்தக் கம்பெனிதான் என் வீடு" என்கிறான். குரூப் போட்டோ.

என் மனைவிக்குப் பிடித்த முடிவு: "எங்க அண்ணன் யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டாரு. நீங்களா எதையாவது இழுத்து விடாதீங்க."

எனக்குப் பிடித்த முடிவில் முதலாளி லிஃப்டில் மாட்டிக்கொள்வார், திறந்துவிட ஆள் இருக்காது. அதில்... வேண்டாம், வீட்டில் சோறு கிடைக்காது.

நடந்தது இது. மலருக்காகப் பேட்டி எடுக்க மேடத்தின் எதிரே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எதிர்ச்சாரிக் குரல் எனக்கும் கேட்டது.

"மேடம், ஒரே கேள்விதான். அவர் உங்களுக்குத் தேவையா, தேவை இல்லையா?"

மேடம் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். அவன் லிஃப்ட் கண்ணாடியில் தலைவாரிக்கொண்டிருந்தான். மேஜைமேல் டப்பாவைப் பிடித்திருந்த மேடத்தின் கை லேசாக ஆடியது.

"தேவை" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு நடந்தது எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். இந்த மலரை முதலாளியும் படிப்பார், அவனும் படிப்பான். எதை எழுதினாலும் ஒருவர் முகத்தில் மேடம் விழிக்க முடியாது. பேனாவை உங்களிடம் தருகிறேன். 'தேவை'க்குப் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். முற்றுப்புள்ளி வைப்பதானாலும் சரி, அந்தச் சொல்லை எழுதுவதானாலும் சரி, முதலில் அந்தக் கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"தேவை