மூங்கில் தோட்டத்துக்கு இருநூறு பேர்

பண்டார் பாரு மாவட்டத்தில் முக்கிம் என்கிற வட்டங்கள் எத்தனை, எதன் எல்லை எந்த ஆற்றோடு போகிறது, எந்தக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், எத்தனை வீடு என்று கேட்டால் இருளப்பன் மூச்சு விடாமல் சொல்வார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற மண்டோர் அவர். மாவட்ட அலுவலகத்துக்கு மனுவோடு நடந்து நடந்தே இந்த அறிவைச் சம்பாதித்தார். மனுவில் இருப்பது ஒரே விஷயம்தான்: மூங்கில் தோட்டத்தைத் தனிக் கிராமமாகப் பதிய வேண்டும்.

தோட்டத்தைக் கம்பெனி விற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது. தொழிலாளர்களின் லயத்து வீடுகள் குடியிருந்தவர்களுக்கே வந்து சேர்ந்தன. ஆனால் வரைபடத்தில் அந்த இடம் இன்னும் வெறும் செம்பனைக் காடுதான். பெயரும் கிடையாது, தலைவரும் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கம்பத்துத் தலைவரிடம் போய் நிற்க வேண்டும். அவர் தங்கமான மனுஷர். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் "எந்த இடம்?" என்று கேட்பார். இருளப்பனுக்கு வயிறு எரியும்.

இந்த வருஷம் முக்கிம்களின் உட்பிரிவுகளைத் திருத்துகிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இருநூறு பேர் இருந்தால் தனிக் கிராமம். ஒரு ஆள் குறைந்தாலும் பக்கத்துக் கம்பத்தோடு சேர்த்துவிடுவார்கள், அப்புறம் அந்தப் பெயரே இருக்காது. ஆள் கணக்கெடுக்க மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து வந்தவள் யார் என்று பார்த்தால் லோகேஸ்வரி. இருளப்பனின் தம்பி மகள், இதே லயத்தில் பிறந்தவள். நம்ம பொண்ணு வருது, இனி என்ன கவலை என்று அவர் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, தேத்தண்ணீர் கலக்கச் சொல்லி, தம் கையால் எழுதிய பட்டியலை நீட்டினார். அதில் இருநூற்றுப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

லோகேஸ்வரி பேனாவைத் திறந்தாள். அடுத்த நிமிஷமே தகராறு ஆரம்பமாகிவிட்டது.

"பெரியப்பா, வசந்தன் அண்ணன் பட்டர்வொர்த்லதானே இருக்காரு?"

"துணியெல்லாம் இங்கதான் கொண்டாந்து துவைக்கிறான்லா."

"துணிய எழுத பாரத்துல இடமில்ல. ராத்திரி எங்க தூங்குறாரு?"

வசந்தன் இருளப்பனின் சொந்த மகன். சொந்த மகன் பெயரையே அடித்துவிட்டாள் என்றால் மற்றவன் கதி என்ன? பினாங்குத் தொழிற்சாலை விடுதியில் இருக்கிற பெண்கள் போனார்கள். திருவிழாவுக்கு மட்டும் வருகிறவர்கள் போனார்கள். போன மாசியில் செத்துப்போன அய்யாவு போனார். அவர் பெயரை எடுக்க மனசு வரவில்லை என்று இருளப்பன் சொன்ன சமாதானம் எடுபடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, கூட்டி முடித்து, லோகேஸ்வரி தலையை நிமிர்த்தினாள்.

"நூத்தித் தொண்ணூத்தாறு."

இருளப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலே நாலு பேர். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது அந்த வார்த்தை வாயை விட்டு வரவில்லை. இவள் எழுதினால் ஒருவனும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று பெருமையாகக்கூட இருந்தது. பாழாய்ப்போன பெருமை, இன்றைக்கா வர வேண்டும்?

"வேற வீடே இல்லயா, பெரியப்பா?"

"இருந்தா நான் விடுவனா?"

அவள் வரைபடத்தைத் திருப்பி வைத்தாள். "கோடு பாரிட்டத் தாண்டிப் போகுதே. அங்க ஒரு வீடு இருக்குல்ல?"

பாரிட் என்கிற அந்தப் பெரிய வாய்க்காலைத் தாண்டினால் மேட்டில் டிரஸ்ஸர் பங்களா. இருளப்பன் தினமும் பார்க்கிற வீடு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த சின்னத்துரை ஐயா, வேலை முடிந்த பிறகும் அதை விலைக்கு வாங்கிக் குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்து ஆள் என்றால் லயத்து ஆள். பங்களா என்றால் ஐயாமார். அப்படித்தான் இருளப்பனின் அப்பா எண்ணினார், அப்படித்தான் இவரும் எண்ணினார். செத்துப்போன அய்யாவுகூடப் பட்டியலில் ஏறினார். உயிரோடு இருக்கிற அவர்களை எழுதக் கை போகவில்லை. இருளப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது.

பலகைப் பாலத்தைத் தாண்டி இருவரும் மேடேறினார்கள். இருளப்பனின் கால்கள் பழக்கத்தில் பின்கட்டுப் பக்கம் திரும்பின. லோகேஸ்வரி நேராக முன்வாசலுக்குப் போய் அழைத்தாள்.

சின்னத்துரை எழுபத்தொன்பது வயதிலும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். "போன தடவ உங்கள டவுன் விலாசத்துல எழுதியிருக்காங்க, ஐயா. நீங்க குடியிருக்கறது இங்கதானே? எங்க எழுதலாம்னு நீங்கதான் சொல்லணும்."

இருளப்பன் படிக்குக் கீழேயே நின்றார். ஐயாமார் டவுன் என்றுதான் சொல்வார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"முப்பத்துமூண்டு வருஷம் இந்தத் தோட்டத்தில பிறந்த பிள்ளையள் எல்லாற்றை பேரையும் நான்தான் புத்தகத்தில பதிஞ்சனான்," என்றார் சின்னத்துரை. "உன்ரை பேரும் அதிலை இருக்கு, பிள்ளை. என்ரை பேரை எழுத இங்கயிருந்து ஒருத்தரும் வரேல்லை. தபால் டவுனுக்கு வரும். அதாலை டவுன் எண்டு சொன்னன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கமலாம்பிகையின் குரல் வந்தது. "இருளப்பனை ஏன் வெயிலுக்கை நிக்க வைச்சிருக்கிறியள்? மேல வரச் சொல்லுங்கோ."

இருளப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்படியில் ஏறினார். அறுபத்தொரு வயதில் முதல் தடவை.

"தப்பு எங்க மேலதான், ஐயா," என்றார்.

"ரெண்டு பக்கமும்தான்," என்று சொல்லிவிட்டு, சின்னத்துரை லோகேஸ்வரியைப் பார்த்தார். "எழுது, பிள்ளை. மூங்கில் தோட்டம். நான், மனிசி, மகன் சிவரூபன், மருமகள் தாரா, பேத்திமார் ரெண்டு பேர். ஆறு பேரும் இங்கதான் படுக்கிறம்."

லோகேஸ்வரி எழுதினாள். இருநூற்று இரண்டு. அவள் பேனா ஒரு கட்டத்தில் நின்றது.

"வீட்டு நம்பர் கேக்குது. இந்த வீட்டுக்கு நம்பரே இல்லயே."

சின்னத்துரை இருளப்பன் பக்கம் திரும்பினார். "உங்கட லயத்தில கடைசி நம்பர் என்ன?"

"நாப்பத்தாறு, ஐயா."

"அப்ப எங்களுக்கு அடுத்தது. என்ன வரும்?"

"நாப்பத்தேழு, ஐயா."

"ஒரு கிராமத்து ஆக்களுக்குள்ள என்ன ஐயா?"

இருளப்பன் நிமிர்ந்து நின்றார். பிறகு, கீழே லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நாப்பத்தேழு, அண்ணே."