ஒரு மணி வீடு

எங்கள் வீட்டுமனைத் தரகர் சங்கத்துக்கு நான் தலைவரானது திறமையால்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊர் முழுக்க அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவனே நான்தான். உண்மையில், போட்டியிட்ட இரண்டு பேரும் தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரே வீட்டை விற்கப் போய், வாங்க வந்தவர் கண்ணெதிரே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, பொத்தான் தெறிக்க உருண்டார்கள். வாங்க வந்த மனிதர் விட்டால் போதும் என்று ஓடியே போய்விட்டார். சங்கம் அந்த இரண்டு பேரையும் தேர்தலிலிருந்து ஒதுக்கிவைத்தது. மிச்சமிருந்தவர்களில் எதிரி இல்லாதவன் நான் ஒருவன்தான். நண்பனும் இல்லை என்பாள் என் மனைவி, அது வேறு விஷயம்.

பதவிக்கு ஆசைப்படவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆசைப்பட்டேன். மேசைமேல் ‘தலைவர்’ என்று பித்தளைப் பலகை, சுழல் நாற்காலி, நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்க ஒரு செயலாளர். முதல் வாரம் அந்த நாற்காலியில் சுற்றிச் சுற்றியே எனக்குத் தலை கிறுகிறுத்தது.

உட்கார்ந்த சூட்டோடு ஒரு விதி போட்டேன். ஒரு உறுப்பினர் விற்கிற வீட்டைப் பற்றி இன்னொரு உறுப்பினர், வாங்க வருகிறவரிடம் ஒரு குறையும் சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு வருஷத்துக்குச் சாவி கிடையாது. பதவியில் இருந்தால் பதவியும் போகும். சட்டைப் பொத்தான்களைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று விழுந்த கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சாவி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சங்க அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்க ஆணிகள். விற்பனைக்கு வந்த வீடுகளின் சாவிகள் அதில் தொங்கும். எந்த உறுப்பினரும் நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். அந்தச் சுவர் இல்லாவிட்டால் தரகன் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு சாவியிலும் ஒரு அட்டை கட்டியிருக்கும். அதில் இருப்பது வீட்டைக் காட்ட வேண்டிய நேரம். மேற்குப் பார்த்த வீடு சாயங்காலம் அடுப்பாகக் கொதிக்கும். அதற்கு ‘காலை 8’. பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் இருக்கும் வீட்டுக்கு ‘5-க்கு மேல்’. சாக்கடை ஓரத்து வீட்டுக்கு ‘காற்று பார்த்து’. இந்த அட்டை ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகானும் நானே. இதில் பொய் எங்கே இருக்கிறது? வாங்குகிறவர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். கேட்கத் தோன்றும் நேரத்தில் அவரை அங்கே நிற்க விடமாட்டோம், அவ்வளவுதான்.

இப்படி நிம்மதியாக ஆட்சி செய்துகொண்டிருந்த எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சனி பிடித்தது.

என் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருஷமாக ராத்திரி வேலை. காலையில் வந்து படுத்து, பகலில் தூங்குகிறவள். அவள் இருக்கும் வாடகை வீட்டில் மேல்மாடிப் பிள்ளைகள் பகலெல்லாம் பந்தை உருட்டி உருட்டி அவள் தூக்கத்தைத் தின்றுவிட்டார்கள். போன மாதம் ஒரு ராத்திரி, மருந்து அளவைத் தப்பாகப் படித்து ஊசியை எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த நர்ஸ் கையைப் பிடித்திருக்காவிட்டால் ஒரு உயிர் போயிருக்கும். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள். அதற்கப்புறம், சேர்த்ததையெல்லாம் போட்டுச் சத்தமில்லாத ஒரு வீடு வாங்கியே தீருவது என்று கிளம்பிவிட்டாள். ஊரே தலைவர் என்று கூப்பிடுகிற அப்பாவிடம் மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“அப்பா, வீடு கிடைச்சிடுச்சு! கார்னர் அங்கிள்தான் காட்டினாரு. சின்ன வீடுதான். ஆனா என்ன அமைதி தெரியுமா? என் மூச்சு எனக்கே கேக்குது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அக்ரிமென்ட்.”

கார்னர் எங்கள் சங்கத்து உறுப்பினர். நாலு மனைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனையைக்கூட ‘கார்னர் பிளாட் சார்’ என்று விற்றுவிடுவார், அதனால் அந்தப் பெயர்.

“எந்தத் தெருவும்மா?” என்றேன்.

சொன்னாள். அந்தத் தெருவில் விற்பனைக்கு இருந்தது ஒரே ஒரு வீடுதான்.

“எத்தனை மணிக்குப் பாத்தே?”

“ரெண்டு தடவை பாத்துட்டேன்ப்பா. ரெண்டு தடவையும் ஒன்னேகாலுக்கு.”

சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அந்தச் சாவி நாற்பத்தோராவது ஆணியில் தொங்கியது. அட்டையில் ‘மதியம் 1 – 2 மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. அந்த வீட்டின் படுக்கையறைச் சுவரை ஒட்டி இரும்பு பீரோ செய்கிற பட்டறை. காலை எட்டு மணி முதல் சாயங்காலம் ஆறு மணி வரை தகட்டில் சுத்தியல் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். எங்கள் தொழிலில் இதற்கு ‘ஒரு மணி வீடு’ என்று பெயர்.

திரும்பி வந்தபோது அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பட்டறை, சுத்தியல், சாப்பாட்டு நேரம், நான் எழுதிய அட்டை, எல்லாம். அவள் செருப்பை மாட்டியபடியே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, பொறந்ததுல இருந்து உங்களைப் பாக்குறேன். ஒரு வீடாவது நல்லா இல்லேன்னு உங்க வாயால சொல்லிக் கேட்டதில்ல. ஒழுகுற வீட்டைக்கூட ‘குளுகுளுன்னு இருக்கும்’னு சொல்லித்தானே வித்தீங்க? இந்த ஒரு வீடு மட்டும் எப்படி மோசமாச்சு? நான் உங்ககிட்ட வராம அவர்கிட்ட போயிட்டேன், அதானே?”

“அடிப்பாவி, நான் ஏன்மா உங்கிட்ட பொய் சொல்லப் போறேன்?”

“அதத்தான்ப்பா நானும் யோசிக்கிறேன்” என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற மகள் என்னை நம்பவில்லை. எவனெவனோ நம்பி, வாழ்நாள் சம்பாத்தியத்தை என் வாய்ச்சொல்லுக்குக் கொட்டினான். இவள் நம்பவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அவளைச் சொல்லிக் குத்தமில்லங்க. இந்த வீட்டையே நீங்க எனக்குக் காட்டினப்போ, பின்னாடி பூங்கா வரப்போகுதுன்னுதான் சொன்னீங்க. இருபத்தெட்டு வருஷமா பஸ் டிப்போவைப் பாத்துட்டிருக்கேன்.”

இந்த நேரத்தில் இது தேவையா? கெஞ்சிக் கூத்தாடி, வியாழக்கிழமை காலை வேலை முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்கு வர மகளைச் சம்மதிக்க வைத்தேன். ஒன்பது மணிக்கு அவள் காதே அவளுக்குச் சொல்லட்டும். அவள் வந்ததுகூட என்னைப் பொய்யனென்று நிரூபிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போய் ஒரு தப்புச் செய்தேன். புதன்கிழமையே போய்ச் சாவியை எடுக்கும்போது, பழக்க தோஷத்தில் நோட்டில் பெயரை எழுதி, நேரம் ‘வியாழன் காலை 9’ என்றும் எழுதிவிட்டேன். ஒரு மணி வீட்டுச் சாவியை ஒன்பது மணிக்கென்று எடுக்கிறவன் எதற்கு எடுக்கிறான் என்று சங்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். செயலாளர் எனக்காக எழுந்து நிற்கிற ஆள்தான். ஆனால் உட்கார்ந்ததும் போன் போடுவது கார்னருக்கு.

வியாழக்கிழமை ஒன்பது மணி. மகள் வேலை உடுப்போடு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கதவைத் திறந்தேன். படுக்கையறைக்குப் போனோம். ஜன்னலையும் திறந்துவைத்தேன்.

ஒரு சத்தம் இல்லை. தெருக்கோடியில் யாரோ சைக்கிள் மணி அடித்தது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மயான அமைதி.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். இடி இடிக்கட்டும், குண்டு வெடிக்கட்டும், ஒரே ஒரு தட்டாவது தட்டித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

“போதுமாப்பா?” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்துச் சொன்னாள். “நாளைக்கு நீங்க சாட்சிக் கையெழுத்துக்கூடப் போட வேணாம். நான் கார்னர் அங்கிளையே பாத்துக்கச் சொல்றேன்.”

“அஞ்சு நிமிஷம் இரு. இங்கேயே படு. உன் கட்டில் எங்க வருமோ அங்க படு.”

“தரையிலயா?”

“படும்மா!”

வெளியே ஓடி, சுற்றிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தேன். மூன்று தொழிலாளிகள் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பீரோக்களுக்குச் சாவகாசமாகப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சுத்தியல் எங்கப்பா?”

“இன்னிக்குப் பெயின்ட் மட்டும்தான் சார். கார்னர் சார் காலையில வந்து முதலாளிகிட்ட சொல்லிட்டுப் போனாரு, இன்னிக்கும் நாளைக்கும் தட்டுற வேலை வேணாம்னு” என்றார் மூத்த தொழிலாளி.

அடப் படுபாவி! கார்னர் அந்த நேரத்தில் கையில் கிடைத்திருந்தால் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன். மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்தேன். பெயின்ட் அடிக்காத கதவு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. ஓங்கிப் போட்டேன். டணார்! இன்னொன்று. இன்னொன்று. சட்டை வெளியே பிதுங்க, கண்ணாடி மூக்கில் சரிய, சங்கத் தலைவரான நான் தகடு தட்டினேன். முதலாளி உள்ளறையிலிருந்து ஓடி வந்தார்.

“யோவ்! யோவ்! கதவு நசுங்குதுய்யா! யாருய்யா நீ?”

“பக்கத்து வீட்டுல என் பொண்ணு படுத்திருக்கா! பகல்ல தூங்கினாத்தான் ராத்திரி நாலு உசிரைக் காப்பாத்துவா! அவளுக்கு இந்தச் சத்தம் கேக்கணும்!” என்று கத்தினேன். கத்திக்கொண்டே தட்டினேன்.

மூத்த தொழிலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிரஷ்ஷை டப்பாவில் போட்டார். “அப்படித் தட்டினா இந்த அறைக்கே கேக்காது சார், தள்ளுங்க” என்று சொல்லிவிட்டு, பெரிய சுத்தியலை எடுத்துத் தகட்டின் வயிற்றில் இறக்கினார். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். முப்பது வருஷத் தொழிலில் நான் காட்டிய எந்த வீடும் அப்படித் தன் உண்மையைச் சொன்னதில்லை.

நிமிர்ந்தபோது வாசலில் மகள் நின்றாள். முதுகெல்லாம் தரைத் தூசி. கையைக் காட்டினாள். சத்தம் நின்றது.

“தினமும் இப்படியாண்ணே?” என்று தொழிலாளியிடம் கேட்டாள்.

“எட்டுல இருந்து ஆறு வரைக்கும்மா. நடுவுல சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்.”

என் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நினைத்தேன்.

“அந்த அட்டையெல்லாம் நீங்க எழுதினதுன்னு சொன்னீங்கல்ல? இந்த மாதிரி எத்தனை பேருக்குக் காட்டியிருப்பீங்க? அவங்களுக்கெல்லாம் யாருப்பா வந்து தட்டினது?”

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நசுங்கிய கதவுக்கு முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அக்ரிமென்ட் நடக்கவில்லை. அதே நேரத்தில் சங்க அலுவலகத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. கார்னர் எழுந்து என் விதியை எனக்கே படித்துக் காட்டினார். நல்ல குரல் அவருக்கு. எழுதியவனுக்கே அந்த விதி சிறப்பாக இருப்பதாகத் தோன்றியது.

“தலைவர் என்ன சொல்றாரு?” என்றார் செயலாளர். இந்தத் தடவை உட்கார்ந்தபடியே கேட்டார்.

“சொன்னேன். தட்டியும் காட்டினேன்” என்றேன். “அதோட இன்னொண்ணு. அந்தச் சுவத்துல இருக்குற அட்டையையெல்லாம் கழட்டிடுவோம். வாங்குறவரு கேக்குற நேரத்துக்கு வீட்டைக் காட்டுவோம்.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்ட அந்த இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். வாக்கெடுப்பில் என் யோசனைக்கு விழுந்தது ஒரே வாக்கு, அதுவும் நான் போட்டது. என்னை நீக்குவதற்கு எல்லாக் கையும் உயர்ந்தது. பன்னிரண்டு மணிக்குக் கார்னர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். எனக்கு ஒரு வருஷத்துக்குச் சாவி இல்லை.

படியிறங்கி வந்தேன். எதிர்ச் சாரியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். இந்நேரம் அவள் தூங்க வேண்டும்.

“இங்க என்னம்மா பண்றே? போய்ப் படுக்க வேண்டியதுதானே?”

“படுக்கணும். அப்பா, ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவுல ஒரு வீடு விலைக்கு வருதாம். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். நீங்களும் வர்றீங்களா?”

“எங்கிட்ட சாவி இல்லையேம்மா. ஒரு வருஷத்துக்குத் தர மாட்டாங்க.”

“சாவி எதுக்குப்பா? நாள் பூரா வெளியில நின்னு கேப்போம். நீங்க சொல்லுங்க, வாங்கலாமா வேணாமான்னு.”