கயிறு தேய்த்த கல்

செவெரினா கட்டிலுக்கடியிலிருந்து கல்லை இழுத்தாள். நாலு வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. யாராவது கேட்டிருந்தால் கருவாட்டுப் பானைக்குப் பாரம் என்று சொல்லியிருப்பாள். நல்லவேளை, ஒருத்தரும் கேட்கவில்லை.

பூகம்பத்தில் மாதா கோயில் மணிக்கூண்டு சரிந்தபோது அவள் புருஷன் இசித்ரோ அதற்குள் இருந்தான். காலைப் பூசைக்கு மணியடிக்கப் போனவன். ஊரில் யார் செத்தாலும் துக்கமணி அடித்தவனுக்கு ஒரு அடி அடிக்க நாதியில்லை. இடிபாட்டில் அவள் கண்ணில் பட்டது கூண்டு ஜன்னலின் இந்த அடிக்கல். கடலிலிருந்து வெட்டிய பவளக்கல். முப்பத்தோரு வருஷம் அவன் இழுத்த கயிறு உரசி உரசி, அதில் விரல் புதைகிற பள்ளம். சொல்லாமல் கொள்ளாமல் எடுத்து வந்துவிட்டாள். திருட்டுதான், இருக்கட்டுமே! செபம் முடித்ததும் அந்தப் பள்ளத்தில் விரல் ஓட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இப்போது கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டுக் கூண்டை எழுப்புகிறார்கள். செபு நகரத்திலிருந்து வந்த கொத்தனார் கவினோ நேற்றுச் சொன்னான்: "மேல் ஜன்னல் அடிக்கல் ஒண்ணுதான்க்கா காணோம். நாளைக்கும் வரலேன்னா சிமெண்ட ஊத்திட வேண்டியதுதான்."

"சிமெண்டா? அவரு கூண்டுலயா?"

ராத்திரியெல்லாம் அழுதாள். விடிந்ததும் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். சுண்ணாம்பில் கலக்க வீட்டுக்கு வீடு முட்டை கேட்டிருந்தார்கள். தன் பங்குக்குப் பன்னிரண்டை மடியில் கட்டிக்கொண்டாள்.

கவினோ கல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எங்க கெடந்துச்சுன்னு கேக்க மாட்டேன்க்கா" என்றான்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முட்டை உடைத்தார்கள். வெள்ளைக்கரு சுண்ணாம்புக்கு, மஞ்சள்கரு அவரவர் வீட்டுக்கு. "செவெரினா கோழி கூட அவள மாதிரியே, நோஞ்சான் முட்டையாப் போடுது" என்று பெலிங் சீண்டினாள். செவெரினாவும் சிரித்தாள். நாலு வருஷத்தில் இன்றுதான் மனசு லேசாக இருந்தது. அவன் கல் அவன் இடத்துக்குப் போகப்போகிறது.

"அக்கா, இங்க வாங்க!" கவினோ முகமெல்லாம் பல்லாக நின்றான். "நடுவுல ஒரு பள்ளம் விழுந்து கெடந்துச்சு. உங்க முட்டை போட்ட சுண்ணாம்ப வெச்சே அடைச்சிட்டேன். இனிமே மோட்டார் மணிதானே, கயிறு எதுக்கு? பாருங்க, புதுக்கல்லாட்டம்!"

கல் வழவழவென்று இருந்தது. பள்ளம் இருந்த இடத்தை அவள் கண் தேடியது. அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

"நல்லாருக்கு தம்பி. எப்பக் காயும்?"

"சாயங்காலத்துக்குள்ள இறுகிடும். கை மட்டும் வெச்சிடாதீங்க."

அவன் தண்ணீர் குடிக்கப் போனான். இடுப்பிலிருந்த கிண்ணத்தை அவள் தரையில் வைத்தாள். பன்னிரண்டு மஞ்சள்கருக்கள் ஆடி அடங்கின. கல்லுக்கு மேலே ஒரு விரலை நீட்டியபடி நின்றாள். சுண்ணாம்பு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.