நாய்கள் நக்கிய வாய்க்கால்

"உங்க சரக்கு செத்துப்போச்சு. வந்து அள்ளிட்டுப் போங்க!" என்று துய்சென்பெக் போனில் கத்தினார். எங்கள் பட்டறை இருக்கும் தராஸ் நகரிலிருந்து பல்காஷ் ஏரிக்கரைக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். வழி முழுக்க மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். செத்துப்போக அது என்ன கோழிக்குஞ்சா?

துய்சென்பெக் அங்கே ஒரு சின்னச் செம்பு ஆலைக்குத் தலைமைப் பொறியாளர். மலைக்கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, தொட்டியில் விட்டு அடியிலிருந்து காற்று ஊதுவார்கள். செம்பு நுரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், வெறுங்கல் அடியில் போய்விடும். நுரை உடைந்தால் செம்பும் கல்லோடு போய்ச் சேரும். அந்த நுரையை நிற்கவைப்பதுதான் எங்கள் பொருள். ஒரு டன் மாவுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். சோடா, அமிலம் மாதிரி யாரும் வாங்கி எதற்கும் ஊற்றுகிற சரக்கு இல்லை, ஒரே ஒரு வேலைக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்வது. தோலை மிருதுவாக்க ஒன்று, குளிரில் குழாய்க்குள் எண்ணெய் உறையாமல் இருக்க ஒன்று என்று இப்படி எத்தனையோ. செய்கிறவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. பொருள் வேலை செய்யாத அன்றைக்கு மட்டும் நன்றாக ஞாபகம் வரும்.

எங்கள் பட்டறையே இந்த ஓர் ஆலையை நம்பித்தான் ஓடுகிறது. இது கைவிட்டுப் போனால் பூட்டுதான்.

நான் போய் இறங்கியபோது துய்சென்பெக் பூவேலை போட்ட நீள அங்கியில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். அவருக்கு அறுபது வயது நிறைந்த விழா, ஆலை உணவுக்கூடத்திலேயே மூன்றாம் நாளாக விருந்து நடந்துகொண்டிருந்தது.

"வா தங்கச்சி, முதல்ல சாப்பிடு. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்."

"சாப்பிட வரலை அகா. தொட்டியைக் காட்டுங்க." மூத்த ஆண்களை நாங்கள் 'அகா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம்.

தொட்டியை எட்டிப் பார்த்தேன். கையளவு உயரத்துக்கு நிற்கவேண்டிய நுரை, வருவதும் உடைவதுமாக இருந்தது. அத்தனை செம்பும் கழிவோடு போய்க்கொண்டிருந்தது.

"வெளிநாட்டுச் சரக்குக்குப் பேசியாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் உறுதி சொல்லிடுவேன்" என்றார். பிறகு வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "இவ பேரு உல்போசின். 'அடுத்ததாவது பையனா பொறக்கட்டும்'னு அப்பன் வச்ச பேரு. இவங்க பட்டறையும் அப்படித்தான், எதையோ கேட்டா எதையோ பெத்துக் குடுக்குது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

காது சூடாகிவிட்டது. "சிரிச்சு முடிச்சாச்சா? ரெண்டு கண்ணாடிப் பாட்டில் குடுங்க" என்றேன்.

ஒன்றில் ஏரித் தண்ணீர், இன்னொன்றில் தொட்டிக்கு வரும் தண்ணீர் எடுத்தேன். இரண்டிலும் அவருடைய டிரம்மிலிருந்தே எங்கள் பொருளைச் சொட்டுவிட்டுக் குலுக்கினேன். ஏரித் தண்ணீரில் நுரை கெட்டியாக நின்றது. மற்றதில் மூச்சுவிடும் நேரத்தில் காணாமல் போனது.

"சரக்கு அதேதான். தண்ணியிலதான் கோளாறு."

"ஏரித் தண்ணி எங்களுக்கு ஏது? எடுக்க அனுமதியே கொஞ்சம்தான். கழிவுக் குளத்துல தெளியுற தண்ணியைத்தான் வாய்க்கால்ல திருப்பிக் கொண்டுவர்றோம். நான் இங்க வந்த நாள்லேர்ந்து அதே தண்ணிதான். பழி போட வேற ஆள் கிடைக்கலையா?" என்று சொல்லிவிட்டு அவர் பந்திக்குப் போய்விட்டார்.

விடுவேனா? குளத்திலிருந்து வாய்க்காலோரமாகவே நடந்தேன். காற்று காதை அறுத்தது. கிளம்பும்போதே குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, எங்கள் பொருளைச் சொட்டுவிட்டுக் குலுக்கிப் பார்த்திருந்தேன், நுரை நின்றது. ஆகவே குளத்தில் குற்றமில்லை, நடுவழியில்தான் ஏதோ நடக்கிறது.

உணவுக்கூடத்தின் பின்பக்கம் வந்தபோது ஊர் நாய்கள் எல்லாம் வாய்க்கால் ஓரத்தில் வரிசையாகக் குனிந்து நின்றன. தண்ணீர் குடிக்கின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீரையா? வாய்க்கால் சுவரை அல்லவா நக்கிக்கொண்டிருந்தன! கிட்டே போனேன். சுவர் நெடுக வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். குதிரைக் கொழுப்பு.

சமையற்காரி குல்பாரம் அக்கா கொழுப்பு மிதக்கும் கழுவுநீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கொதிக்கக் கொதிக்க அதே வாய்க்காலில் கவிழ்த்தாள்.

"அக்கா! இங்கேயா ஊத்துறீங்க?"

"பின்னே எங்க ஊத்தறது, என் தலையிலயா? குழாய் அடைச்சு மூணு நாளாச்சு. விருந்துக்கு அறுத்தது ரெண்டு குதிரை, ஆடு எத்தனைன்னு நானே எண்ணலை. கழுவித் தள்ளி என் இடுப்பே போச்சு."

நுரைக்குக் கொழுப்பைவிடப் பெரிய எமன் கிடையாது. காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு மனிதனுடைய அறுபதாம் ஆண்டு விருந்தில், அவர் பந்தியிலேயே நின்று, உங்கள் விருந்துதான் உங்கள் ஆலையைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் அதை மன்னிக்கமாட்டார்கள். சொன்னால் மனக்கசப்பிலேயே ஒப்பந்தம் போகலாம். சொல்லாவிட்டால் நிச்சயம் போகும். போவதானால் உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும் என்று உள்ளே நுழைந்தேன்.

ஏரித் தண்ணீர் பாட்டிலைக் குலுக்கி அவர் தட்டுக்கு முன்னால் வைத்தேன். நுரை நின்றது.

"நிக்குதா அகா?"

"நிக்குது. அதுக்கென்ன இப்ப?"

அவர் கிண்ணத்திலிருந்து சூடான கறிச்சாற்றில் ஒரு கரண்டி எடுத்துப் பாட்டிலில் விட்டேன். நுரையின் நடுவில் ஓட்டை விழுந்தது. ஓரத்துக்கு ஓடியது. நுரை போயே போய்விட்டது.

"மூணு நாளா அண்டா கழுவுற தண்ணி எங்க போகுதுன்னு பின்னால போய்ப் பாருங்க."

துய்சென்பெக்கின் முகம் சிவந்தது. எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் நேராகப் பின்வாசல் வழியாகப் போனார். திரும்பி வந்து எல்லார் எதிரிலும் போனை எடுத்து, "அந்த வெளிநாட்டுச் சரக்கு வேணாம். ஆமாய்யா, வேணாம்னுதானே சொல்றேன்!" என்று கத்தினார். பிறகு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மண்வெட்டியைத் தேடினார். தலைமைப் பொறியாளரே வாய்க்காலில் இறங்கினால் விருந்தாளிகள் சும்மா உட்கார முடியுமா? கோட்டும் டையுமாக எல்லாரும் சுரண்டினார்கள். நாய்கள் அவர்களைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தன.

மறுநாள் மதியம் தொட்டியில் நுரை கருஞ்சாம்பலாகப் பளபளத்து ஏறியது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

அன்று விருந்து துய்சென்பெக்கின் வீட்டில். வெந்த ஆட்டுத்தலையை அவரே கொண்டுவந்தார். வழக்கமாக அது பெரிய மனிதருக்குப் போகும், அப்பா உயிரோடு இருப்பவர் அதில் கத்தி வைப்பதில்லை.

"உனக்கு அந்தப் பேரை வச்சவரு இருக்காரா?"

"இல்லை அகா. காலமாகி ரொம்ப நாளாச்சு."

"அப்ப நீதான் வெட்டணும்." தலையை என் முன்னால் வைத்தார். "நேத்து நான் பேசினது தப்பு. உங்கப்பன் பையனுக்காக ஏங்கியிருக்க வேண்டியதே இல்ல."

குல்பாரம் அக்கா கத்தியை என் கையில் திணித்தாள்.

"சாப்பிடுடி, சாப்பிடு. தட்டு கழுவுற தண்ணியை எங்க ஊத்தணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை வெட்டினேன்.