விழத் தெரிந்தவன்

மாவுக்கட்டுக்காரர் என்றுதான் மல்வித்தைக் கூடத்தில் அவரைக் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனையில் பதினேழு வருடமாக எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டு போடுகிறவர். டாக்டர் எலும்பை நேராக்கிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்; மீதியெல்லாம் இவர் பாடு. நனைத்த கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்பார். ஏணியா, படிக்கட்டா, குளியலறையா என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள், முறிவைப் பார்த்தே பாதியை இவர் சொல்லிவிடுவார். அந்தத் திறமைதான் பின்னால் அவரைப் படுத்தி எடுத்தது.

வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்ததும் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் இருந்த அந்தக் கூடத்துக்குப் போய் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகினார். தரையில் உருண்டு புரண்டு, எதிராளியை மடக்கிப் பிடித்து, அவன் போதும் என்று கையால் தட்டும்வரை விடாத மல்வித்தை அது. நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று மனைவி கேட்டாள். துணைக்கு உன் தம்பியையும் கூட்டிப் போகிறேன் என்றார். உடனே சரி என்றாள். தம்பி மாலை நேரங்களில் வீட்டு சோபாவை விட்டு எழுந்தாலே போதும் என்று இருந்தவள் அவள்.

அந்தத் தம்பிக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் சறுக்கு. நடக்கப் பழகிய நாளிலிருந்து விழுந்துகொண்டே வளர்ந்தவன். பள்ளி மேடையில் பரிசு வாங்கப் போய் விழுந்தான், அக்கா கல்யாணத்தில் மாலையோடு விழுந்தான். இப்போது அக்கா வீட்டிலேயே தங்கி, நகரப் பேருந்து ஓட்டுகிறான். "பஸ்ஸை மட்டும் எப்படித்தான் நேரா ஓட்டுறானோ" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். முப்பது வருடமாகச் சிரித்துச் சிரித்து அது அவனுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் நின்றபடி ஆரம்பிக்க மாட்டார்கள். மேலே ஒரு ஆள் தொம்மென்று விழுந்தால் கீழே அச்சு இயந்திரம் அதிர்ந்து, சிவப்பு ஒரு பக்கமும் நீலம் ஒரு பக்கமுமாக விலகிவிடும். அச்சகக்காரர் மை படிந்த கையோடு மாடியேறி வந்து கத்துவார். அதனால் நான்கு வருடமாக எல்லோரும் முட்டி போட்டு, எதிரெதிரே உட்கார்ந்து, கை குலுக்கிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்கினார்கள். அப்படியே ஒரு போட்டிக்கும் போனார்கள். அங்கே நின்றுகொண்டு ஆரம்பிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. போன ஏழு பேரையும் அந்தப் பக்கத்துக்காரர்கள் மூட்டை இறக்குவதுபோல இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அதிலேயே வேகமாக இறங்கியவர் மாவுக்கட்டுக்காரர். ஒன்பது நொடி.

கோச்சுக்கு முகம் தொங்கிப்போயிற்று. கோச் என்பது ஒரு பெண். மாவுக்கட்டுக்காரரைவிடப் பத்து வயது சின்னவள். பகலில் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். மறுநாளே அச்சகக்காரரிடம் பேசி, ஆறு மணிக்கு இயந்திரத்தை நிறுத்தியபிறகு யார் எப்படி விழுந்தாலும் கேட்கமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"தரையில நாம புலிதான். தரைக்குப் போற வழிதான் நமக்குத் தெரியல" என்றாள். "இனிமே நின்னுக்கிட்டுதான் ஆரம்பம். முதல் மாசம் யாரும் யாரையும் போட வேணாம். சும்மா விழுந்து பழகுங்க."

விழுவதைப் போய்ப் பழக வேண்டுமா என்று எல்லோரும் நினைத்தார்கள். பழகும்போதுதான் தெரிந்தது, வளர்ந்த மனிதனுக்கு அதைப்போலக் கஷ்டம் வேறில்லை. உடம்பு விறைத்துக்கொள்ளும், தலை பின்னால் போகும், கை தரையைத் தேடும். சறுக்கு மட்டும் முதல் நாளே பூனை மாதிரி விழுந்தான். முகவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, உள்ளங்கையால் தரை மெத்தையை ஓங்கி ஒரு அறை அறைந்து, அடுத்த நொடி எழுந்து நின்றான்.

கோச் எல்லோரையும் நிறுத்தினாள். "இவன் விழுறதைப் பாருங்க. இந்தக் கூடத்துலயே விழத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதை மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை அவள் சிரிக்கவில்லை. "சரிடா, கேட்டுட்டேன், சாப்பிடு" என்றாள். மாவுக்கட்டுக்காரர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி வைத்த ஆள் இப்படி முகம் மலர்ந்து அவர் பார்த்ததில்லை.

இரண்டாவது மாதம் தூக்கிப் போடப் பழகினார்கள். காலை வாரி வீழ்த்துவது, குனிந்து இரண்டு தொடையையும் கட்டிப் பிடித்துச் சாய்ப்பது, கடைசியாக ஆளை இடுப்பில் ஏற்றிச் சுழற்றிப் போடுவது. இந்தக் கடைசி வித்தைக்குக் கோச் ஒரு கட்டளை வைத்திருந்தாள்.

"அவன் சட்டைக்கை உங்க கையில இருக்கும். எது விட்டாலும் அதை மட்டும் விடாதீங்க. கடைசி நேரத்துல அதை மேல இழுத்துப் பிடிச்சா அவன் முதுகால விழுவான், ஒண்ணும் ஆகாது. நடுவுல விட்டுட்டா கோணலாப் போய் எங்கயாவது கையை ஊனுவான். பாவம் பார்த்து விடுற ஆளாலதான் எலும்பு உடையும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மாவுக்கட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார். அவருக்கு மைத்துனன்தான் ஜோடி. ஒரு வியாழக்கிழமை, பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ அவனை இடுப்பில் ஏற்றினார். அவன் பாதம் இரண்டும் தன் தலைக்கு மேல் எழும்பியதை ஓரக்கண்ணால் பார்த்தார். அவ்வளவுதான். பதினேழு வருடம் பார்த்த எக்ஸ்ரே படங்களெல்லாம் உள்ளே ஒன்றாக எழுந்து நின்றன. தோள்பட்டை, முழங்கை, கழுத்து. ஐயோ பாவம் என்று மனம் சொல்வதற்குள் கை தானாகத் திறந்துகொண்டது.

சறுக்கு பக்கவாட்டில் நழுவிக் கையை ஊனி விழுந்தான். சத்தத்தைக் கேட்டதுமே அது எந்த எலும்பு என்று மாவுக்கட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

கோச் வேறொரு ஜோடியிடமிருந்து ஓடி வந்தாள். "என்ன ஆச்சு?"

சறுக்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். "நான்தான் கோச். கையை ஊனிட்டேன். வழக்கம்போல."

மாவுக்கட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் கோச், "உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கல" என்று அவனிடம் சொல்லிவிட்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் போனால் போனதுதான் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை. வண்டியில் போகும்போது சொல்லலாம் என்று நினைத்தார், எக்ஸ்ரே எடுத்தபிறகு சொல்லலாம் என்று நினைத்தார்.

டாக்டர் எலும்பை நேராக்கினார். கட்டு போட இவரையே கூப்பிட்டார்கள். பழகிய கை, நடுங்காமல் போட்டது. பிறகு, போட்ட கட்டுகளையெல்லாம் எழுதிவைக்கிற நோட்டை எடுத்தார். பெயர், வயது, எந்தக் கை. கடைசிக் கட்டம், காயத்தின் காரணம். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். 'பயிற்சியில் தவறாக விழுந்தது' என்று எழுதினார். தன் கையெழுத்து இவ்வளவு அழகு என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான். இவனுக்குப் போய் விழச் சொல்லிக் குடுக்கறாங்களாம்." தம்பி சிரித்தான். கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

ஆறு வாரம் அவனைப் பேருந்து ஓட்ட விடவில்லை. டெப்போவில் பேருந்து நேரம் குறிக்கிற பலகையின் முன்னால் உட்காரவைத்தார்கள். கட்டு பிரிக்க வந்த நாளில் அறையில் இவர்கள் இரண்டு பேரும் மட்டும்தான் இருந்தார்கள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா?" என்றான் அவன். "நான் விழுந்ததுல என்ன தப்பு? எத்தனையோ தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். அதுவரைக்கும் நல்லாத்தானே விழுந்தேன்?"

இதைவிட நல்ல சமயம் யாருக்கும் அமையாது. மாவுக்கட்டுக்காரர் கட்டு அறுக்கிற இயந்திரத்தை ஓட விட்டார். அது போடுகிற கூச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அவன் வாயசைத்தது தெரிந்தது. காது கேட்காதவர்போலத் தலையை அசைத்துவிட்டு, குனிந்து வேலையைப் பார்த்தார். தன்மீதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

கை தேறியதும் சறுக்கு கூடத்துக்குத் திரும்பி வந்தான். வேறு ஆளாக வந்தான். யாரோடும் ஜோடி சேராமல் மூலையில் தனியாக விழுந்து பழகினான். ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு முன்பே கையைப் பார்த்துக்கொண்டான். பார்த்தால் உடம்பு விறைக்கும், விறைத்தால் தப்பாகத்தான் விழும். தப்பாக விழுந்ததும், பார்த்தீர்களா என்பதுபோல் தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டான். வீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். பேருந்தில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பிரேக் போடுகிறானாம். பயணிகள் புகார் சொன்னார்கள் என்று அவனே சொன்னான், ஆனால் சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கோச் வருவதற்கு முன்னால், இரண்டு பேரும் மெத்தையின் ஓரத்தில் பெல்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மாசத்தோட நிறுத்திக்கறேன் மாமா" என்றான். "ஒரு விஷயம் எனக்கு வருதுன்னு நெனச்சேன். அதுவும் வரல. அக்கா சொல்றதுதான் சரி."

மாவுக்கட்டுக்காரர் பெல்ட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார். சொன்னால் இவன் இனித் தன்னை மாமா என்று கூப்பிடுவானா, இவன் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் ஓடியது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கண்ணுக்கு எதிரிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தது.

"மாப்ள, அன்னைக்கு நான் சட்டைக்கையை விட்டுட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. "என்னது?"

"நீ தப்பா விழல. நீ மேல இருக்கும்போது நான் பயந்துட்டேன். கையை விட்டுட்டேன். அப்படி விட்டா யாரா இருந்தாலும் கையை ஊனித்தான் ஆகணும். கோச்சே விழுந்திருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

சறுக்கு வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். திட்டுவான் என்று மாவுக்கட்டுக்காரர் காத்திருந்தார். எழுந்து போய்விடுவான் என்றும் நினைத்தார்.

"அப்போ எனக்கு விழத் தெரியும்" என்றான் அவன்.

"தெரியும்."

"நல்லாத் தெரியுமா?"

"இங்க இருக்கற யாரையும்விட நல்லாத் தெரியும் மாப்ள."

அவன் எழுந்து நின்றான். அப்போதுதான் உள்ளே வந்த கோச்சிடம் நேராகப் போனான். "கோச், என்னை ஒரு தடவை போடுங்க" என்றான். அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இறக்கி வைத்துவிட்டு வந்தாள். இடுப்பில் ஏற்றிப் போட்டாள். அவன் கையைப் பார்க்கவில்லை. முகவாய் நெஞ்சோடு சேர்ந்தது, உள்ளங்கை மெத்தையை அறைந்தது, கூடம் முழுக்கக் கேட்டது. இன்னொரு தடவை என்றான். ஆறு தடவை விழுந்தான். ஆறும் அந்த முதல் மாதத்தில் விழுந்ததுபோலவே.

கோச் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "என்னடா ஆச்சு உனக்கு?"

மாவுக்கட்டுக்காரர் முன்னால் வந்து அவளிடமும் சொன்னார். இந்தத் தடவை சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் இருந்தது எல்லாம். ஆனால் மைத்துனன் அவர் எதிரே வந்து நின்றான். தன் வலது சட்டைக்கையைத் தானே எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"இப்ப நீங்க போடுங்க மாமா."

அவர் கை வியர்த்திருந்தது. துணியைச் சுருட்டி, விரல் வெளுக்கும்வரை பிடித்தார். திரும்பினார், முட்டியை மடக்கினார், அவன் எடை முழுவதும் முதுகின்மேல் வந்து இறங்கியது. மறுபடியும் அந்தப் பாதங்கள் மேலே எழும்பின. எக்ஸ்ரே படங்கள் எல்லாம் மறுபடியும் எழுந்து நின்றன. அவற்றை நிற்கவிட்டு, சட்டைக்கையை மேலே இழுத்துப் பிடித்து அவனைப் போட்டார்.

சுத்தமாக விழுந்தான். எழுந்திருக்கவில்லை. சட்டைக்கை இன்னும் அவர் பிடியில்தான் இருந்தது. படுத்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கை ஆறு வாரத்துல சேர்ந்துடுச்சு மாமா" என்றான். "மூணு மாசம் சும்மா இருந்தீங்களே."

மாவுக்கட்டுக்காரர் பிடியை விடாமல், கையை இழுத்து அவனை எழுப்பி நிறுத்தினார்.